உங்களுக்குத் தெரியுமா? முதல் எபிசோடும் முதல் பொய்யும்

ஜப்பானில் அனிமே சீசன் வருடத்துக்கு நான்கு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய கூட்டம் இறங்க, புதுக் கூட்டம் ஏறும். ஒவ்வொரு முறையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடர்கள் இரண்டு வாரத்துக்குள் வரிசையாக வந்து விழுகின்றன. வேலைவெட்டி உள்ள மனிதர் அத்தனையையும் பார்க்க முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிவிடுவது என்று ரசிகர் முடிவெடுப்பது பெரும்பாலும் முதல் எபிசோடை வைத்துத்தான். இது எடுப்பவர்களுக்கும் தெரியும். அதனால் அந்த முதல் 24 நிமிடத்தில் நடக்கும் தகிடுதத்தங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் சில இங்கே. பழைய தொடர்கள் சிலவற்றின் முடிச்சுகள் வழியில் அவிழும். பார்க்காதவர்கள் என்னைத் திட்டக்கூடாது.

சனி இரவு 25.30

ஜப்பானிய டிவி நிகழ்ச்சி நிரலில் இப்படித்தான் போட்டிருக்கும். அச்சுப் பிழை இல்லை. நள்ளிரவு தாண்டினாலும் தூங்கப் போகாதவனுக்கு இன்னும் சனிக்கிழமைதானே? ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணியைத்தான் 25.30 என்கிறார்கள். புது அனிமேக்களில் பெரும்பகுதி இந்த அகால வேளையில்தான் வருகின்றன. குழந்தைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் மலிவான நேரம் அது. வயது வந்த ரசிகர்களுக்கான கதைகளை அங்கே தாராளமாகப் போடலாம்.

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய 25.30, சென்னையில் சனி இரவு பத்து மணி. டோக்கியோ ரசிகர் கண் எரிய விழித்திருந்து பார்ப்பதை, ஸ்ட்ரீமிங்கில் உடனுக்குடன் வரும் தொடராக இருந்தால், இங்கே இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் பார்த்துவிடலாம். இந்த வசதி பழையதும் அல்ல. 2009 ஜனவரியில் 'நருட்டோ ஷிப்புடென்' தொடரை ஜப்பானிய ஒளிபரப்பை ஒட்டியே கிரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் தளம் வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்பு வெளிநாட்டு ரசிகர்களுக்கு இருந்த கதி, யாரோ புண்ணியவான் சப்டைட்டில் போட்டுத் திருட்டுத்தனமாக ஏற்றும்வரை காத்திருப்பது.

பாட்டைக் காணோமே?

அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக மிச்சம் 24 நிமிடம். அதில் ஓபனிங் பாட்டு 90 நொடி, முடிவுப் பாட்டு 90 நொடி. கதைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 21 நிமிடம். முதல் எபிசோடில் மட்டும் இந்தக் கணக்கை அடிக்கடி உடைப்பார்கள். ஓபனிங் பாட்டே வராது. எடுத்த எடுப்பில் கதை ஓடும். பெயர்கள் காட்சியின் மேலேயே நகரும். கடைசியில், கதை உச்சத்தில் நிற்கும்போது, அதுவரை ஒளித்து வைத்திருந்த ஓபனிங் பாட்டை முடிவுப் பாட்டின் இடத்தில் அவிழ்த்து விடுவார்கள். ஒன்றரை நிமிடம் மிச்சம் பிடித்த மாதிரியும் ஆயிற்று, ரோமம் சிலிர்க்க வைத்த மாதிரியும் ஆயிற்று. நூறு தடவை பார்த்த தந்திரம்தான். நூற்றியோராவது தடவையும் எனக்கு வேலை செய்கிறது.

பாட்டு விஷயத்தில் ஊதாரித்தனத்தின் உச்சம், 2022 அக்டோபரில் வந்த 'செயின்சா மேன்'. 12 எபிசோட். முடிவுப் பாட்டும் 12.

பெண் பார்க்க வந்த வீடு

முதல் எபிசோட் ஏன் எப்போதும் அவ்வளவு பளபளப்பாக இருக்கிறது? தொடரின் இயக்குநர், தான் ஒரு இயக்குநர் என்பதை நிரூபிக்க அதன் ஸ்டோரிபோர்டைப் பெரும்பாலும் தன் கையாலேயே வரைவார். நல்ல ஓவியர்களை அதற்கென்று பிடித்து வைப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு நேரம் இருக்கும். ஒளிபரப்பு தொடங்கிவிட்டால் வாரம் ஒன்று என்று தேதி துரத்தும். எபிசோட்கள் வெவ்வேறு இயக்குநர்கள் கைக்கும், சில சமயம் வேறு ஸ்டுடியோக்களின் கைக்கும் போய்விடும். ஆகவே முதல் எபிசோடைப் பார்த்து "என்ன அனிமேஷன்!" என்று வாய் பிளப்பது, பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தினமும் இதுதான் சமையல் என்று நம்புவதற்குச் சமம். வீட்டின் நிஜச் சமையல் நான்காவது ஐந்தாவது எபிசோடில் தெரியும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர்களுக்கு முகம் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இந்தப் பாடுகளையெல்லாம் அனிமேயாகவே எடுத்துவிட்டார்கள். 2014 அக்டோபரில் பி.ஏ. வொர்க்ஸ் ஸ்டுடியோ தந்த 'ஷிரோபாகோ'வின் நாயகி மியாமோரி, ஒரு சின்ன ஸ்டுடியோவில் தயாரிப்பு உதவியாளர். ராத்திரி வேளையில் கம்பெனி காரை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஓவியர்கள் வரைந்து முடித்த தாள்களைக் கவரில் போட்டு வாங்கி வருவதுதான் அவள் வேலை. சிக்னலில் போட்டிக் கம்பெனியின் கார் பக்கத்தில் வந்து நிற்கிறது. அடுத்த நொடி நடப்பது கார் பந்தயம். அனிமே உலகைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றே ஒன்று பார்க்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

முதல் முதல் எபிசோட்

1963 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை, மாலை 6.15. புஜி டிவியில் ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' ஒளிபரப்பானது. வாரம் ஓர் அரை மணி நேரம் கார்ட்டூன் படம் என்பது நடக்காத காரியம் என்று அன்று பலரும் நினைத்தார்கள். தெசுகா வழி கண்டுபிடித்தார்: குறைவாக வரை, வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்து, உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் அசை. அந்தச் சிக்கனம்தான் பிறகு ஒரு பாணியாகவே ஆனது. இன்றும் பல காட்சிகளில் நொடிக்கு எட்டுப் படம்தான். அவற்றை மும்மூன்று தடவை காட்டி 24 ஆக்குகிறார்கள். 'அஸ்ட்ரோ பாய்' நான்கு ஆண்டில் 193 எபிசோட் ஓடியது. நடுவில் சீசன் மாற்றம் எதுவும் கிடையாது.

மூன்றாவது எபிசோடில் என்ன நடந்தது?

"மூணு எபிசோட் பாத்துட்டு முடிவு பண்ணு" என்பது அனிமே ரசிகர்களிடையே எழுதப்படாத சட்டம். இதற்கு எல்லோரும் கைகாட்டும் சாட்சி 'மடோகா மாஜிகா'.

2011 ஜனவரி. விளம்பரத்தில் ரோஜா நிறக் கூந்தல், பூ வேலைப்பாட்டுடன் உடை, பேசும் வெள்ளைப் பிராணி. மந்திர சக்தி பெறும் பள்ளிச் சிறுமிகள் என்ற, ஜப்பானில் சிறுமிகள் பார்த்துப் பார்த்துப் பழகிய கதை. பாத்திரங்களை வடிவமைத்த ஆவோகி உமே, மென்மையான நகைச்சுவைக் காமிக்ஸுக்குப் பேர்போனவர். கதை எழுதியவர் மட்டும் உரோபுச்சி ஜென். அவரைப் படித்திருந்தவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியிருக்கும். பாத்திரங்களை அவர் என்ன பாடு படுத்துவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் இரண்டு எபிசோட் சமர்த்தாகப் போகின்றன. மாமி என்ற மூத்த பெண், இளையவர்களுக்கு டீ ஊற்றி, கேக் கொடுத்து, சண்டையிடக் கற்றுத் தருகிறாள். மூன்றாவதில் அவள் தனிமை தீர்ந்த சந்தோஷத்தில், இனி பயமில்லை என்ற மனநிலையில், சுழன்று சுழன்று சுடுகிறாள். எதிரி பொம்மை மாதிரி சின்னதாக இருக்கிறது. அதன் வாயிலிருந்து இன்னொன்று நீண்டு வருகிறது. மாமியின் முகத்தில் திடுக்கிடக்கூட நேரமில்லை. அடுத்த காட்சியில் அவளுக்குத் தலை இல்லை.

ஒன்றாம் எபிசோடிலேயே கைவிட்டவர்கள் ஓடி வந்து திரும்பப் பார்த்தது அதன் பிறகுதான். ஆனால் எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த ஒரு தொடரைக் காட்டி, மூன்று எபிசோட் வரை பொறுத்துப் பார் என்று எல்லாச் சொத்தைத் தொடர்களுக்கும் பரிந்து பேசுகிறார்கள். மடோகாவின் முதல் எபிசோடே நன்றாகத்தான் இருக்கும். அதில் வரும் சூனியக்காரியின் மண்டலத்தை வெட்டி ஒட்டிய காகிதங்களால் உருவாக்கியிருந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, இது வழக்கமான சரக்கில்லை என்று அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

(அந்த மார்ச் 11-ல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. அதனால் மடோகாவின் கடைசி இரண்டு எபிசோட்கள் ஏப்ரல் பிற்பகுதியில்தான் ஒளிபரப்பாயின.)

வேண்டுமென்றே ஏமாற்றியவர்கள்

மடோகா மூன்று வாரம் காத்திருந்தது. மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

'ஸ்கூல் லைவ்', 2015 ஜூலை. பள்ளியிலேயே தங்கி வாழும் மன்றம். துள்ளித் திரியும் யுகி, ஒரு நாய்க்குட்டி, தோழிகள், ஆசிரியை. இருபது நிமிடம் இதேதான். பிறகு வகுப்பறையை இன்னொருத்தியின் கண்ணால் பார்க்கிறோம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடக்கின்றன. பெஞ்சுகள் கவிழ்ந்திருக்கின்றன. யுகி சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வகுப்பில் யாருமே இல்லை. வெளியே மைதானத்தில் நடமாடுபவர்கள் பிணங்கள். அந்த எபிசோடைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், தோழிகள் அவளிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் வேறு பொருள் தருகிறது. இதில் இன்னொரு குசும்பு: வாரம் ஏற ஏற, அதே உற்சாகமான ஓபனிங் பாட்டின் காட்சிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே போகும்.

'டேலன்ட்லெஸ் நானா', 2020 அக்டோபர். அதிசய சக்தி உள்ள மாணவர்களுக்கான தீவுப் பள்ளி. கூச்ச சுபாவமுள்ள நானாவோதான் நாயகன் என்று 20 நிமிடம் நம்ப வைக்கிறார்கள். புதிதாக வந்த நானா அவனோடு சிநேகமாகி, அவனை மலை விளிம்புக்கு அழைத்துப் போய், ஒரு தள்ளு. நாயகன் காலி. கதை அவளுடையது.

'ஸோம்பி லேண்ட் சாகா' (2018 அக்டோபர்) இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. பாடகியாகும் கனவோடு ஒரு பெண் காலையில் வீட்டை விட்டுத் துள்ளி ஓடி வருகிறாள். லாரி. காட்டுக்கத்தலாக டெத் மெட்டல் இசை. அவள் காற்றில் பறக்கப் பறக்க, திரையில் தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்கள் ஓடுகின்றன. தொடர் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் பத்து ஆண்டு கழித்துப் பிணமாக எழுந்து, சாகா மாவட்டத்தைப் பிரபலமாக்க வேண்டிய பாட்டுக் குழுவில் சேர்கிறாள். இதற்குமேல் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எத்தனை விதமாகச் செத்தார்கள்

இங்கே இறந்து வேற்றுலகில் பிறக்கும் கதைகள் இல்லாமல் இப்போது எந்த சீசனும் விடிவதில்லை. முதல் எபிசோடில் நாயகன் சாக வேண்டும்; ஒரே கேள்வி, எப்படி? 'ஸ்லைம்' தொடரின் நாயகனுக்கு 37 வயது, தெருவில் கத்திக்குத்து. சாகும் தறுவாயில் அலுவலக இளையவனிடம் அவன் கேட்கும் கடைசி உதவி, தன் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடச் சொல்வது. 'கோனோசுபா'வின் கஸுமா, லாரியிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றி உயிர்விட்டதாக நினைத்துக்கொள்கிறான். மேலுலகில் தேவதை விழுந்து விழுந்து சிரித்தபடி உண்மையைச் சொல்கிறாள்: வந்தது டிராக்டர், அது ஊர்ந்துதான் வந்தது, இவன் அதிர்ச்சியில் போய்ச் சேர்ந்தான். 2023 ஜூலையில் ஒருவன் தானியங்கி விற்பனை எந்திரம் மேலே விழுந்து செத்து, வேற்றுலகில் தானே ஒரு விற்பனை எந்திரமாகப் பிறந்தான். காசு போட்டால் பானம் தருவான். நகர முடியாது. முதல் எபிசோடில் அவன் ஓர் ஏரிக்கரையில் நிற்கிறான். சத்தியமாக, பார்க்க முடிகிறது!

சாகாமலும் போகலாம். 'ரீ:ஸீரோ'வின் சுபாரு, கடையில் நொறுக்குத்தீனி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே வேறு உலகம். அந்த 2016 ஏப்ரல் முதல் எபிசோட் 50 நிமிடம். அவன் சாவதெல்லாம் போன பிறகுதான், அதுவும் ஒரு தடவையல்ல.

முடிவில் தொடங்கிய கதை

2023 செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை, நிப்பான் டிவியில் 'ஃப்ரீரென்' தொடங்கியது. ஒரே இரவில் நான்கு எபிசோட், இரண்டு மணி நேரம். போட்ட இடம் சாதாரணமானதல்ல. 'வெள்ளிக்கிழமை ரோட்ஷோ' என்பது ஜிப்லி படங்களும் ஹாலிவுட் படங்களும் போடுகிற, வீடே கூடி உட்கார்ந்து பார்க்கிற சினிமா நேரம். அதில் ஒரு டிவி அனிமேயின் தொடக்கத்தைப் போட்டது அதுவே முதல் தடவை.

இப்படி ஊரைக் கூட்டிவிட்டு அவர்கள் காட்டியது என்ன? சண்டை இல்லை. அரக்க ராஜா ஏற்கெனவே செத்தாயிற்று. பத்து வருடப் பயணம் முடிந்து நாலு பேர் வண்டியில் ஊர் திரும்புகிறார்கள். அன்றிரவு விண்கற்கள் பொழிகின்றன. ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை வருகிற பொழிவு. அடுத்த தடவை இதைவிட நன்றாகத் தெரியும் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஃப்ரீரென் சாதாரணமாகச் சொல்கிறாள். அவள் ஆயிரம் ஆண்டு வாழும் எல்ஃப் இனம். அவளுக்கு அது அடுத்த வாரம் மாதிரி. சொன்னபடி ஐம்பது ஆண்டு கழித்து வருகிறாள். வாசலில் நிற்பது குள்ளமாகி, வழுக்கை விழுந்து, நரைத்த தாடி வைத்த கிழவர். அவளுடைய அழகான வீரன் ஹிம்மெல். பழைய நண்பர்கள் சேர்ந்து விண்கற்களைப் பார்க்கிறார்கள். அடுத்த காட்சி சவ அடக்கம்.

சவப்பெட்டியின் அருகே அவள் முகத்தில் சலனமில்லை. கூடியிருந்தவர்கள் குறை சொல்கிறார்கள். மண் தள்ளும்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வருகிறது: மனித ஆயுள் சின்னது என்று தெரிந்தும் இவரைத் தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை? இத்தனையும் முதல் எபிசோடுக்குள். அரை நூற்றாண்டு, இரண்டு வெட்டில் கடந்துவிடுகிறது. காலம் கழிந்ததை நாமும் அவளைப் போலவே கவனிக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் நான் பார்த்த தொடக்கங்களில் இதற்கு நிகர் இல்லை என்பேன். சத்தம் போட்டுக் கவனம் ஈர்க்கும் தொடர்களுக்கு நடுவே, தன் கதைக்கு அவசரமில்லை என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லும் தைரியம் சிலருக்குத்தான் இருக்கிறது.

டிவிக்கு முன் தியேட்டர்

ஃப்ரீரெனுக்கு ஐந்து மாதம் முன்பு, 2023 ஏப்ரலில் 'ஓஷி நோ கோ' 90 நிமிட முதல் எபிசோடோடு வந்தது. அதை மார்ச்சிலேயே தியேட்டரில் ஓட்டியும் விட்டார்கள். அந்த 90 நிமிடத்தின் கடைசியில் நடப்பதை நம்பித்தான் மொத்தத் தொடரும் நிற்கிறது; 24 நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் பாதிப் பேர் வேறு ஏதோ கதை என்று நினைத்துப் போயிருப்பார்கள். முன்னோடி 'டீமன் ஸ்லேயர்'. 2019 ஏப்ரலில் டிவிக்கு வருமுன், மார்ச் 29-லேயே முதல் ஐந்து எபிசோடுகளைச் சேர்த்துத் திரையரங்கில் போட்டார்கள். 2024-ல் 'டண்டடான்' முதல் மூன்றுடன் அதே வழியில் வந்தது.

'டீமன் ஸ்லேயர்' அப்போது ஜப்பானில் சில தியேட்டர்களில் மட்டும் ஓடியது. 2025 செப்டம்பர் 12 அன்று அதன் 'இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியாவில் வெளியானபோது தமிழிலும் பேசியது.

விளக்கை எரிய விடு

குழந்தைகள் பார்க்கும் அனிமே தொடங்கும்போது, அறையை வெளிச்சமாக வைத்துக்கொண்டு, டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று ஓர் அறிவிப்பு வரும். காரணம் 1997 டிசம்பர் 16-ல் வந்த 'போக்கிமான்' எபிசோட். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றுபோயிற்று. மின்னும் ஒளிக்கு அதன் பின் கட்டுப்பாடு வந்தது.

இன்னொரு சந்தேகம்: ஏப்ரல் சீசனின் முதல் எபிசோடுகளில் செர்ரிப் பூ ஏன் அப்படிக் கொட்டுகிறது? அங்கே பள்ளி திறப்பதே ஏப்ரலில். நாயகனுக்கு வகுப்பில் ஜன்னலோரக் கடைசி இடம் யார் ஒதுக்குகிறார்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

மோசமான படம், நல்ல எபிசோட்

2006 ஏப்ரலில் கியோட்டோ அனிமேஷனின் 'ஹருஹி சுஸுமியா'வைப் பார்க்க உட்கார்ந்தவர்கள், டிவி கெட்டுவிட்டதா என்று தட்டிப் பார்த்திருப்பார்கள். கேமரா ஆடுகிறது. முகம் மங்கலாகிறது. நடிப்பவர்கள் வசனம் மறந்து கேமராவுக்குப் பின்னால் பார்க்கிறார்கள். பாட்டு சுருதி விலகுகிறது. எபிசோடின் எண் பூஜ்யம். கடைசியில்தான் தெரிகிறது: இது அந்தப் பள்ளி மாணவர்கள் கலை விழாவுக்கு எடுத்த படம். கையால் வரையும் அனிமேஷனில் கேமரா தானாக ஆடாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். அந்த அளவுக்குத் திறமை இருந்தால்தான் திறமையில்லாதவன் எடுத்த மாதிரி எடுக்க முடியும்.

அந்தத் தொடரின் 14 எபிசோடுகளும் காலவரிசை கலைந்துதான் ஒளிபரப்பாயின. 2009-ல் மறுபடி வரும்போது வரிசைப்படுத்தினார்கள். நல்ல பிள்ளையாகிவிட்டார்கள் என்று நினைக்கையில், ஒரே கதையை எட்டு வாரம் எட்டுத் தடவை போட்டுச் சாகடித்தார்கள்.

முதல் எபிசோடே வராத தொடர்

'கௌபாய் பெபாப்' பார்க்காத அனிமே ரசிகர் குறைவு. 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோ அதைப் போட்டபோது தொடங்கியது இரண்டாம் எபிசோடிலிருந்து. வன்முறைக் கெடுபிடி நடந்த காலம். முதல் எபிசோடில் போதைப்பொருள் இருந்தது. 26-ல் 12 எபிசோடை மட்டும் பொறுக்கிப் போட்டு, ஒரு தொகுப்பு எபிசோடோடு ஜூனில் கடையைக் கட்டிவிட்டார்கள். முழுத் தொடரும் அக்டோபரிலிருந்து வவ்வவ் என்ற கட்டணச் சேனலில்தான் வந்தது.

2025 ஏப்ரல்: ஒரு சீசன், மூன்று முதல் எபிசோட்

அண்மைச் சீசன்களில் தொடக்கங்களைப் பொறுத்தவரை எனக்குச் சுவாரசியமாக இருந்தது இதுதான்.

'கண்டம் ஜீக்குவக்ஸ்' ஜனவரியிலேயே தியேட்டரில் ஒரு படமாக வந்திருந்தது. படத்தின் முன்பாதி, 1979-ன் 'கண்டம்' கதையில், எதிரியான சார் என்பவன் கண்டம் என்ற போர் ரோபோவைத் திருடிக்கொண்டு போயிருந்தால் என்ற மாற்றுச் சரித்திரம். பழைய ரசிகர்கள் தியேட்டரில் கொண்டாடிய பகுதி அதுதான். டிவியில் அதை முதலில் போடவில்லை. மச்சு என்ற பள்ளிப் பெண்ணிடமிருந்து தொடங்கி, சார் கதையை இரண்டாம் எபிசோடுக்குத் தள்ளினார்கள். புதிதாக வருபவர்களை மிரட்டக்கூடாது என்ற கணக்கு. சரியான கணக்கு.

'லாஸரஸ்', பெபாப் எடுத்த வதனபே ஷினிசிரோவுடையது. உலகமே விழுங்கிய வலிநிவாரணி 30 நாளில் எல்லோரையும் கொல்லப்போகிறது என்கிறார் அதைக் கண்டுபிடித்தவர். முதல் எபிசோடில் நாயகன் சிறையிலிருந்து தப்பி, கூரை கூரையாகத் தாவுகிறான். சண்டைக்காட்சி ஆலோசகர், 'ஜான் விக்' படங்களின் சாட் ஸ்டாஹெல்ஸ்கி. கால் தரையில் பதிவதும் உடம்பு திரும்புவதும் கண்ணுக்கு விருந்து. உலகம் அழியப்போகிற பதற்றம்தான் எங்குமே தெரியவில்லை.

மூன்றாவது 'அபொகாலிப்ஸ் ஹோட்டல்', மூலக்கதை ஏதும் இல்லாத சொந்தச் சரக்கு. மனிதர்கள் பூமியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். டோக்கியோவின் கின்ஸாவில் ஒரு ஹோட்டலை ரோபோக்கள் நூறு வருடமாகத் துடைத்துப் பெருக்கிக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருக்கின்றன. முதல் எபிசோடின் பெரும் நெருக்கடி: குழந்தைகள் குளிக்கும்போது கண்ணில் நுரை படாமல் போட்டுக்கொள்ளும் ஷாம்பூத் தொப்பி ஒன்று காணாமல் போய்விட்டது. யாச்சியோ என்ற ரோபோ மேலாளர் அதற்கு ஹோட்டலையே புரட்டிப் போடுகிறாள். பெரிய பெயர்கள் இரண்டுக்கும் நடுவே வந்த இதுதான் என்னைக் கடைசிவரை உட்கார வைத்தது.

அன்று தோற்றவர்கள்

முதல் அபிப்பிராயத்தை நம்பியிருந்தால் அனிமே வரலாற்றில் பாதி இருந்திருக்காது. 1974 அக்டோபரில் தொடங்கிய 'யமாட்டோ' விண்கப்பல், ஞாயிறு இரவு ஏழரைக்குத் தகஹாதா இஸாவோவின் 'ஹைடி'யோடு மோதியது. வீட்டில் ஒரே டிவி. ஆல்ப்ஸ் சிறுமி ஜெயித்தாள். 39 எபிசோட் திட்டம் 26-ஆகச் சுருங்கியது. மறு ஒளிபரப்பில்தான் ரசிகர்களுக்கு 'யமாட்டோ' பித்துப் பிடித்தது. 1977-ல் அது திரைப்படமானபோது தியேட்டர் வாசலில் கூட்டம்.

1979 ஏப்ரலின் 'கண்டம்' கதையும் அதே. பொம்மைக் கம்பெனி ஸ்பான்சர், விற்பனை போதவில்லை, 52 எபிசோடை 43-ல் முடிக்கச் சொன்னார்கள். மறு ஒளிபரப்பும் 1980 ஜூலையில் வந்த பண்டாய் பிளாஸ்டிக் மாடல்களும் அதைத் தூக்கி நிறுத்தின. அதே கண்டம்தான் 2017 வரை டோக்கியோ ஒடைபாவில் ஆளுயரத்துக்கு அல்ல, அதன் சொந்த உயரத்துக்கே சிலையாக நின்றது.

'கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்' இன்னும் பாவம். 2017 ஜனவரியில் தொடங்கும்போது, அதற்கு ஆதாரமான மொபைல் விளையாட்டையே முந்தின மாதம் மூடியிருந்தார்கள். செலவில்லாத கணினி அனிமேஷன், கை காலை அசைக்கத் தெரியாத பாத்திரங்கள். முதல் வாரம் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் முடிவுப் பாட்டில் கைவிடப்பட்ட பொழுதுபோக்குப் பூங்காக்களின் புகைப்படங்கள் வரும். குழந்தைத்தனமான கதைக்குப் பின்னால் இது எதற்கு என்று சிலர் நோண்டத் தொடங்கினார்கள். சீசன் முடிகையில் அதுதான் ஊர்ப் பேச்சு.

ஒரே எபிசோட், இரண்டு தடவை

2018 ஜனவரியில் 'பாப் டீம் எபிக்' என்று விளம்பரம் செய்துவிட்டு, முதல் எபிசோடில் 'ஹோஷிஇரோ கேர்ள்டிராப்' என்ற பாட்டுக்காரப் பெண்கள் தொடரை ஓட்டினார்கள், ஓபனிங்கெல்லாம் வைத்து. அப்படி ஒரு தொடரே கிடையாது. நிஜத் தொடர் அதைக் கிழித்துக்கொண்டு வந்து கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு அதே எபிசோட் முதலிலிருந்து மறுபடி ஓடியது. இந்தத் தடவை பெண்களின் குரலுக்குப் பதில் ஆண்கள்.

முதல் எபிசோடே காணாமல் போனதும் உண்டு. 2015 அக்டோபரில் வந்த 'ஒசொமாட்சு சான்' முதல் எபிசோட், அன்றைக்குப் புகழ்பெற்றிருந்த அனிமேக்களை ஒன்று விடாமல் கிண்டல் செய்தது. கிண்டல் எல்லை தாண்டிவிட்டதோ என்னவோ, சில வாரத்தில் அதை ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வெளியானபோது அதிலும் அது இல்லை. கடையில் தொடரை வாங்கியவர்களுக்கு அதற்குப் பதிலாகப் புதிதாக எடுத்த வேறொரு எபிசோட்தான் கிடைத்தது. தொடர் எப்படி ஓடியது என்கிறீர்களா? ஜப்பானில் ரசிகைகள் தொடரின் நாயகர்களான ஆறு சகோதரர்களில் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாடினார்கள்; அடுத்தடுத்த சீசன்களும் வந்தன.